சைக்கிளுக்கு ஆணி, ஐயாவுக்குப் பாய்

டேய் அப்பு, இப்புடி வந்து உக்காரு. ஒன்றரை மாசமா ஒன் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு வாயைத் தொறக்காம இருந்துட்டேன். கண்ணு ஆபரேசன் பண்ணுன டாக்டரு தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க, குனியாதீங்க, வெயிட்டுத் தூக்காதீங்கன்னாரு. பேசாதீங்கன்னு சொல்லலை. நானாத்தான் மரியாதைக்குப் பேசாம இருந்தேன். வெள்ளிக்கெழம ஊருக்குக் கெளம்புறேன். போறதுக்குள்ள ஒன் சைக்கிளைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிட்டுப் போயிர்றேன். புத்தி சொல்றேன்னு நெனச்சுக்கிறாத. ஊர்ல என் புத்தியைக் கேக்க ஆளில்லை, இங்க நீ மாட்டிக்கிட்ட, அம்புட்டுத்தான்.

வந்த அன்னைக்கே பாத்தேன். மேற்கு சைதாப்பேட்டையில மூணாவது மாடி, தீப்பெட்டி கணக்கா வீடு. நடுச்செவத்துல ரெண்டு ஆணி. ஆணியில சைக்கிளு தொங்குது. சாமி படம் அடுப்படி அலமாரியில பருப்பு டப்பாவுக்குப் பக்கத்துல. சைக்கிளுக்கு மட்டும் நடுச்செவரு. அதுக்கு நேர் கீழ எனக்குப் பாய். ராத்திரி கண்ணு முழிச்சா தலைக்கு மேல ரெண்டு சக்கரம் நிக்குது. நம்மூர்ல மாட்டைக் கொல்லையில கட்டிட்டு மனுசன் வீட்டுக்குள்ள படுப்பான். இங்க வண்டி வீட்டுக்குள்ள படுக்குது, மனுசன் அதுக்குக் காவல் கெடக்கான்.

வெலை என்னடான்னு கேட்டேன். 38,000 ரூவான்ன. சரி, கேரியர் எங்கடான்னேன். இல்லை. ஸ்டாண்டு? இல்லை. மட்கார்டு? இல்லை. செயின் கவர்? இல்லை. பெல்லு? 'அதெல்லாம் வெயிட்டுய்யா'ன்ன. ஏன்டா, இல்லாத சாமானுக்கெல்லாமா கடைக்காரன் காசு வாங்குறான்? அந்தக் காசுக்குச் சந்தையில ஒரு கறவை மாடு பிடிச்சிருக்கலாம். மாட்டுக்குப் பெல்லு கழுத்துலயே இருக்கும்.

அப்பறம் ஒரு டவுசரைப் போட்டுக்கிட்டு வந்து நின்ன பாரு. ஒட்டுப்போட்ட டவுசர் போட்டு வளந்தவன் நான். ஒட்டிக்கிட்டுக் கெடக்குற டவுசரை அன்னைக்குத்தான் பாத்தேன். தொடையில தார் பூசுன மாதிரி. உக்கார்ற எடத்துல மெத்தை வேற தச்சிருக்கான். எனக்குப் பாய், ஒன் டவுசருக்கு மெத்தை. நான் ஒண்ணும் சொல்லலையே? கண்ணுல கட்டு இருந்துச்சு, தப்பிச்ச.

கட்டுப் பிரிச்ச பெறகு எனக்கு வேலை என்ன? காலையில நாலரைக்கு முழிச்சு பால்கனியில உக்காந்து ரோட்டைப் பாக்குறதுதான். புதுக் கண்ணுல பாத்தா மெட்ராசுல சைக்கிளு ரெண்டு சாதி. பொழைக்க மிதிக்கிறவன் ஒண்ணு, எளைக்க மிதிக்கிறவன் ஒண்ணு.

பொழைக்க மிதிக்கிறவன் மொதல்ல வருவான். இருட்டுலயே பேப்பர் போடுற பய. அவனுக்குப் பின்னாடி பால் பாக்கெட்டு. ஏழு மணிக்கு இடியாப்பக்காரரு, சைக்கிள்ல மைக்கு கட்டி, தன் குரலைத் தானே கேட்டுக்கிட்டு வருவாரு. அவரைக் கொஞ்சம் உத்துப் பாரு. முக்குல ஒரு பள்ளம் இருக்குல்ல, அது கிட்ட வந்ததும் சீட்டுலேருந்து ஒரு சாண் எந்திரிச்சு, முழங்காலை லேசா மடக்கி, குலுங்காம எறங்கி ஏறுவாரு. கேரியர்ல இருக்க அலுமினிய டப்பாவுல இடியாப்பம் ஒண்ணு மேல ஒண்ணு சரியாது. பெறகு ராத்திரி டூட்டி முடிஞ்ச வாட்ச்மேன் வருவாரு. காலு மட்டுந்தான் முழிச்சிருக்கும். ஹாண்டில்பார்ல பெயிண்டு வாளி மாட்டுனவரு, வயித்துக்கு முன்னாடி சாப்பாட்டுப் பையத் தொங்கவிட்ட கொத்தனாரு. இந்த ஒன்றரை மாசத்துல அவுகள்ல ஒருத்தரு விழுந்து நான் பாக்கலை. விழுந்தா அன்னைக்குக் கூலி போச்சுல்ல.

எளைக்க மிதிக்கிறவன் ஞாயித்துக்கெழம வருவான். தலையில கவசம், கண்ணுல கறுப்புக் கண்ணாடி, கையில பாதி ஒறை. நூறு மைலு போருக்குப் போற மாதிரி போயி, தோசை தின்னுட்டுத் திரும்பி வருவான். தப்பு இல்லை. ஆனா நீ இப்ப ஞாயித்துக்கெழமையை விட்டு திங்கக்கெழமைக்கு வந்துட்ட. ஆபீசுக்கே சைக்கிள்ல போறேங்குற. அப்ப ஒனக்கு வாத்தியாரு கவசக்காரன் இல்லை, இடியாப்பக்காரரு.

ஒண்ணு தெரிஞ்சுக்க. பட்டணத்து ரோடுங்கிறது பெரிய வீட்டுக் கல்யாணப் பந்தி. பஸ்ஸு தாய்மாமன், அவருக்குன்னு எலை போட்டுத்தான் ஆகணும். காரு மாப்பிள்ளை வீட்டுக்காரன், எலையில என்ன வச்சாலும் மொறைச்சுக்கிட்டே இருப்பான். ஷேர் ஆட்டோ சமையக்காரனுக்கு வேண்டியவன், எந்த வாசல்லேருந்து வருவான்னு சொல்ல முடியாது. தண்ணி லாரி கடன் குடுத்தவன், அவன் வந்தா எல்லாரும் எந்திரிச்சு வழி விட்டுருவாக. சைக்கிளு ஏழைச் சொந்தக்காரன். ஏழைச் சொந்தக்காரனுக்கு ரெண்டே மொறைதான். முன் வரிசைக்கு முண்டக் கூடாது. சாப்பிடாம எந்திரிச்சும் போகக் கூடாது.

முண்டாதன்னா, பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல ஒரு சந்து தெரியுதே, அதுல தலையக் குடுக்காத. அது வழி இல்லை, எலிப்பொறி. பஸ்ஸு ஸ்டாப்புக்கு ஒதுங்குனா நீ பின்னாடி நில்லு. இடது பக்கந்தான் சனம் எறங்கும், ஏறும். கூடை வச்சிருக்க ஆத்தா மேல மோதிட்டு, 'நான் கார்பன் மிச்சம் பண்றேன்'ன்னு சொன்னா அது காதுல ஏறாது. ஷேர் ஆட்டோவுக்குப் பின்னாடி போனா மூணு சைக்கிளு தூரம் விடு. ஓரமா நிக்கிறவன் தலை சொறியக் கையத் தூக்குனாலும் அவன் பிரேக்கு போடுவான்.

சாப்பிடாமப் போகாதன்னா, ஒன் எடத்தை விட்டுக் குடுக்காத. ஓரமாப் போன்னு சொன்னா நீ ஓடை வரைக்கும் போற. ஓரத்துல என்ன இருக்கு? மணலு, ஒடஞ்ச பாட்டிலு, மழைத்தண்ணி எறங்குற இரும்புக் கம்பி மூடி. ஒன் டயரு இருக்க அகலத்துக்கு அந்தக் கம்பி எடுக்குல கன கச்சிதமா எறங்கும். நீ மட்டும் தனியாப் போவ. நிறுத்தி வச்ச காருகிட்டேருந்து கதவு தொறக்குற தூரம் தள்ளிப் போ. கதவைத் தொறக்குறவன் கண்ணாடியப் பாக்க மாட்டான், செல்போனைப் பாத்துக்கிட்டே தொறப்பான். மூணடி தள்ளி நேர் கோட்டுல போ. பின்னாடி ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். பாம்பு மாதிரி உள்ள வெளிய நெளியிறவனைத்தான் எவனும் கணிக்க முடியாது. நேராப் போறவனைத் திட்டுவாக, இடிக்க மாட்டாக.

திரும்புறதுக்கு முன்னாடி கைய நீட்டு. விசிறி மாதிரி மூணு வெரலை ஆட்டாத. பெயிண்டுக்காரரு நீட்டுறாரே, தோள்லேருந்து மொத்தக் கையும், அப்புடி நீட்டு. நீட்டிட்டு ஒரு தரம் திரும்பிப் பாரு. கண்ணும் கண்ணும் பாத்துட்டா மெட்ராசுக்காரன் வழி விட்டுருவான், வாயில திட்டிக்கிட்டே விட்டுருவான். காதுல அந்த வெள்ளைக் கொட்டைய மாட்டிக்கிட்டுப் போறியே, அதைப் பையில போடு. சைக்கிளுக்குக் கண்ணாடி கெடையாது, காதுதான் கண்ணாடி.

ஒரு பெல்லு வாங்கி மாட்டு. வெயிட்டாம் வெயிட்டு. ராத்திரி ஒரு இட்டிலி கொறைச்சுத் தின்னு, சரியாப் போகும். ஹாரன் 'போடா'ங்கும், பெல்லு 'வாரேங்க'ங்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவன்தான் மனுசன்.

இன்னொண்ணு சொல்றேன், இதை மறந்துறாத. பந்தியில நீதான் கடைசி ஏழைன்னு நெனச்சுக்கிறாத. ஒன்னைய விட ஏழை ஒருத்தன் இருக்கான். நடந்து வர்றவன். ரோட்டுல பெரிய வண்டி ஒன்னைய ஒதுக்குனா நீ பிளாட்பாரத்துல ஏறி அவனை ஒதுக்குற. சிக்னல்ல நடக்குறவுக கோட்டு மேல முன் சக்கரத்தை வச்சு நிக்கிற. ஆபீசுலேருந்து வரயில சுத்து மிச்சம்னு எதுத்த பக்கத்துலயே வர்ற. நானே பால்கனியிலேருந்து ரெண்டு தரம் பாத்துட்டேன், இல்லைங்காத. தாய்மாமன் அதட்டுனான்னு சின்னப்புள்ளை எலையப் புடுங்குனா ஊரு என்ன பேசும்?

இதெல்லாம் ஒக்காந்த எடத்துலேருந்து சொல்ற கெழவன் பேச்சுன்னு நெனைக்கிற. போன செவ்வாக்கெழம நீ ஆபீசு கார்ல போனப்ப டிபன் பாக்சை வச்சுட்டுப் போனியே, அதை யாரு கொண்டாந்து குடுத்தா? நான்தானே? எதுல வந்தேன்? நீ கேக்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஆணியிலேருந்து எறக்கி ஒன் வண்டியிலதான்டா வந்தேன். மொறைக்காத. எழுபத்தாறு வயசு ஆளு மிதிச்சதுல தேஞ்சு போகாது.

ஆத்துப் பாலந்தாண்டி, சின்னமலை தாண்டி, கவர்னர் மாளிகை முக்குல சர்தார் பட்டேல் ரோட்டுக்குத் திரும்புனேன். அடேயப்பா, அந்த ரோட்டுல அப்புடி ஒரு குளுமை. ஒரு பக்கம் கிண்டிக் காடு. கார்ல போறப்ப அது வெறும் மதிலு. சைக்கிள்ல போனா எலை வாடை, ஈர மண்ணு வாடை, எங்கயோ மயிலு அகவுற சத்தம். ஐ.ஐ.டி. மதிலுக்கு உள்ள புள்ளிமானு இருக்குன்னு சொல்லுவாக. மானைக் காணோம், கொரங்கு ஒண்ணு உக்காந்து என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. வேட்டியும் கியர் வண்டியும் அதுக்கும் புதுசு போல.

அந்த ரோட்டுல ஒரு சூட்சுமம் இருக்கு, ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்கான்னு தெரியலை. இந்த வெயில் காலத்துல விடியக்காலம் தரைக்காத்து மேற்கேருந்து வரும், ஒன் முதுகுல. மதியத்துக்கு மேல கடக்காத்து கெழக்கேருந்து வரும், நீ வீட்டுக்குத் திரும்பயில அதுவும் முதுகுல. சைதாப்பேட்டையில குடியிருந்து அடையாறு பக்கம் வேலைக்குப் போறவனுக்கு ரெண்டு வேளையும் காத்து தள்ளிவிடும். ஆனா போறப்ப கெழக்க சூரியன் மூஞ்சில, வர்றப்ப மேற்க சூரியன் மூஞ்சில. காத்தைக் குடுத்த சாமி வெயிலை வச்சு வரவுசெலவை நேர் பண்ணிப்புட்டான். ஐப்பசி பொறந்துட்டா இந்தக் கணக்கும் மாறிப்போகும்; வாடைக்காத்து காலையில எதுக்க வரும், மழையும் கூட வரும். அப்ப ஒரே விதிதான். அடி தெரியாத தண்ணிக்குள்ள எறங்காத. பள்ளமா, மூடி இல்லாத குழியான்னு தண்ணிக்கு மேல எழுதி வச்சிருக்காது.

ஒங்க ஆபீசு வாசல்ல செக்யூரிட்டி நிறுத்துனாரு. 'டெலிவரியா பெருசு?'ன்னாரு. 'ஆமாய்யா, இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி புள்ளையை டெலிவரி பண்ணுனோம், இன்னைக்குச் சோறு'ன்னேன். சிரிச்சுட்டாரு. காருக்குப் பூமிக்கடியில ரெண்டு அடுக்கு இருக்காம். சைக்கிளை எங்க விடன்னு கேட்டா தலையைச் சொறிஞ்சாரு. பெறகு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி கூட்டிப் போனாரு. அங்க துருப் பிடிச்ச சைக்கிளு பதினோரு வண்டி நின்னுச்சு. அவரு வண்டி, கூட்டுறவுக வண்டி, கேண்டீன் பயலுக வண்டி. ஒன் 38,000 ரூவாயை அதுக்கு நடுவுல சாச்சு வச்சேன். ஸ்டாண்டுதான் இல்லையே, ஒரு பழைய வண்டி மேலதான் சாய வேண்டியதாப் போச்சு. தெனம் அதுக்குப் பக்கத்துலதான நீயும் விடுற? அந்தப் பதினோரு பேருல ஒருத்தரு பேராச்சும் ஒனக்குத் தெரியுமா? வேர்வையோட ஆபீசுக்குள்ள போக முடியலை, குளிக்க எடமில்லைன்னு பொலம்புனியே. அவுககிட்டக் கேட்டிருந்தா, ஒரு மாத்துச் சட்டையும் ஈரத் துண்டும் போதும்னு சொல்லியிருப்பாக.

திரும்பி வரயில சின்னமலைகிட்ட முன் டயரு படுத்துருச்சு. மரத்தடியில ஒரு பஞ்சர் கடை. டயரை நெம்பி, டியூப்பை உருவி, அலுமினியச் சட்டித் தண்ணிக்குள்ள முழம் முழமா முக்குனாரு. ஒரு எடத்துல பொடிப்பொடியா குமிழி வந்துச்சு. கட்டைவெரலால அமுக்கி, தொடச்சு, உப்புத்தாளால தேச்சு, சொல்யூசனைத் தடவி, ஊதி ஊதிக் காய வச்சு ஒட்டுப் போட்டு, சுத்தியலால மெல்லத் தட்டுனாரு. நான் கெளம்பப் பாத்தேன். 'இருங்க பெருசு, முள்ளு இன்னும் உள்ளதான் இருக்கு'ன்னு டயருக்குள்ள வெரலை விட்டு மெதுவா ஒரு சுத்துத் தடவுனாரு. தலைமுடி தடிமனுல ஒரு இரும்புக் கம்பி. லாரி டயரு வெடிச்சு ரோட்டுல செதறுறதாம். அதை எடுக்காம ஒட்டுப் போட்டா, ஒட்டு மேல ஒட்டுத்தான். குடும்பச் சண்டைக்கும் இதே வைத்தியம்னு நெனச்சுக்கிட்டேன்.

காத்தடிக்கப் போனா பம்பு வாய் சேரலை. ஒன் டியூப்புக்கு வாயி ஊசி மாதிரி. அவரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவுத்து, திருகாணிக்கு நடுவுலேருந்து மொச்சைக்கொட்டை தண்டி ஒரு பித்தளை வில்லையை எடுத்து மாட்டி அடிச்சாரு. 'ஒங்க பேரன் மாதிரி பத்துப் பேரு வந்து முழிச்சு நின்னாக, அதுனால வாங்கி வச்சேன்'ன்னாரு. நீயும் ஒண்ணு வாங்கிப் பையில போட்டுக்க.

ராத்திரி வந்தா முன்னாடி வெள்ளை வெளக்கு, பின்னாடி செவப்பு வெளக்கு. எங்க காலத்துல வெளக்கில்லாமப் போனா போலீசு வால்வைப் புடுங்கி விட்டுரும். டபுள்ஸ் போனா பைன். தொப்பி தெரிஞ்சதும் கேரியர்ல இருக்கவன் குதிச்சு, பொறந்ததுலேருந்து நடந்தே வர்றவன் மாதிரி பக்கத்துல நடப்பான். பஞ்சாயத்துக்கு வரி கட்டி, தகர வில்லை வாங்கி வண்டியில மாட்டணும். இப்ப லைசன்சு இல்லை, ஆர்.சி. இல்லை, இன்சூரன்சு இல்லை, கேக்க ஆளில்லை. போலீசுகூடப் புடிக்கலைன்னா சைக்கிளுக்கு மருவாதி எம்புட்டு எறங்கிப் போச்சுன்னு பாரு.

நீ படிச்சுக் காட்டுனியே, போக்குவரத்துக்கு ஒதுக்குற காசுல 60 சதவீதமாச்சும் நடக்குறவுகளுக்கும் சைக்கிளுக்கும் செலவழிக்கணும்னு 2014-லயே இந்த மாநகராட்சி ஒரு கொள்கை வகுத்துருக்குன்னு. நல்ல கொள்கை. பாண்டி பஜார்ல 2019-ல போட்ட அகல நடைபாதையையும் பாத்தேன், காலாற நடக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சைக்கிளுக்குன்னு கோடு போட்ட எடத்துல காரை நிறுத்திட்டுக் காப்பி குடிக்கப் போறவனுக்கு எந்தக் கொள்கையில மருந்து இருக்கு? வைக்கப்போர்ல நாய் படுத்த கதைதான்.

கொள்கைன்னதும் ஒங்கப்பத்தா ஞாபகம் வருது. 1991-ல நம்ம புதுக்கோட்டை ஜில்லாவுல அறிவொளி இயக்கம் வந்து, எழுத்தோட சைக்கிளும் கத்துக்குடுத்தாக. ஷீலா ராணி சுங்கத்துன்னு கலெக்டரம்மா. அடுத்த வருசம் மகளிர் தினத்தன்னைக்கு 1,500 பொம்பளையாளுகளுக்கு மேல சைக்கிள்ல கொடி கட்டிக்கிட்டு டவுனையே ஒரு கலக்குக் கலக்குனாக. கடையில லேடீஸ் சைக்கிளு தட்டுப்பாடு. ஒங்கப்பத்தா ஜென்ட்ஸ் வண்டியவே வாங்குனா. பாருல ஒன் சின்னத்தைய உக்கார வச்சு, கேரியர்ல மல்லிகைக் கூடையக் கட்டி, விடியறதுக்குள்ள கீரமங்கலம் கமிசன் கடைக்குப் போயிருவா. நான் டீக்கடையில உக்காந்து புத்தி சொன்னேன்: 'பொம்பளைக்கு எதுக்கு இது, விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா யாரு சோறாக்குறது?' சனம் சிரிச்சுச்சு. அவ பதில் சொல்லலை. பொடவையை இழுத்துச் சொருகி, செயின் கவரை ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு மிதிச்சா. மொத பஸ்ஸு வரயில பூவை வித்துட்டு வீட்டுக்கு வந்து சோறாக்கிக்கிட்டு இருந்தா. இன்னைய வரைக்கும் விழுந்ததில்லை.

சரி, வெசயத்துக்கு வாரேன். அந்தப் புது எட்டுமுழ வேட்டி எங்கன்னு ஞாயித்துக்கெழம கேட்டியே. சலவைக்குப் போட்டேன்னேன். போடலை. அது ஒன் கட்டிலுக்கடியில சுருட்டிக் கெடக்கு. செவ்வாக்கெழம மத்திய கைலாஷ் சிக்னல்ல வலப்பக்கம் திரும்பணும். பெரிய முக்குல வண்டி மேல உக்காந்து திரும்பாம, எறங்கித் தள்ளிக்கிட்டு நடக்குறவுகளோட கடக்குறதுதான் புத்தி. அந்தப் புத்திய நான் எனக்குச் சொல்லிக்கிட்டு ஒரு காலைத் தூக்குறேன், காலு வரலை. செயின் கவர்தான் இல்லையே. வேட்டி முந்தி செயினுக்குள்ள போயி, பல்லுச் சக்கரத்துல ரெண்டு சுத்து சுத்திக் கெடக்கு. ஒரு கால்ல கொக்கு மாதிரி நிக்கிறேன், சிக்னலு பச்சை விழுந்துருச்சு.

டிராபிக் போலீசுத் தம்பி ஓடி வந்தாரு. ஒரு கையால மொத்த முக்கையும் நிறுத்திட்டு, குனிஞ்சு பெடலைப் பின்னால சுத்தி, இஞ்சு இஞ்சா வேட்டிய உருவுனாரு. பஸ்ஸு நிக்குது. காரு நிக்குது. தண்ணி லாரி நிக்குது. ஹாரன் அடிக்கக்கூட ஒருத்தனுக்கும் தோணலை. ஒரு நிமிசம், பந்தி முழுக்க ஏழைச் சொந்தக்காரனுக்காக எலையில கை வைக்காம காத்துக்கிட்டு இருந்துச்சுடா அப்பு.

அன்னைக்கு ராத்திரி ஒங்கப்பத்தாகிட்ட போன்ல, வேட்டியில கொஞ்சம் மசி பட்டுருச்சுன்னு மட்டுந்தான் சொன்னேன். ஒரு நொடி பேச்சைக் காணோம். பெறகு, 'செயின் கவர் இல்லாத வண்டியா?'ன்னா. முப்பத்திச் சொச்சம் வருசத்துக்கு முன்னாடி டீக்கடையில சிரிச்ச சிரிப்புக்கு வட்டியோட வசூல் பண்ணிட்டா.

அதுனால, வெள்ளிக்கெழம கெளம்புறதுக்கு முன்னாடி நாளைக்கு விடியக்காலம் அந்தப் பட்டேல் ரோட்டுல இன்னொருக்கா போய்ட்டு வரலாம்னு இருக்கேன். ஒன் அலமாரியில அந்த ஒட்டுன டவுசரு இன்னொண்ணு இருக்குல்ல? இடுப்புல எலாஸ்டிக்குத்தானே, எனக்குச் சேருமா பாரு. மெத்தை வச்சதா இருந்தாலும் பரவால்ல.

ஒங்கப்பத்தாகிட்ட மட்டும் சொல்லிப்புடாத.